உப்புத் துண்டு

மத்தியான வெயிலில் கொட்டகைத் தகரம் படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தது. பூவாத்தாள் அம்மியைக் கழுவி வைத்துவிட்டு, இரும்புச் சட்டியில் வரமிளகாயைப் போட்டு வறுத்தாள். நெடி கிளம்பியதும், அந்தப் பக்கம் கரி உடைத்துக்கொண்டிருந்த அருணகிரி அடுக்கடுக்காகத் தும்மினான்.

"ஏக்கா, ஆளைக் கொல்லப் பாக்கறயா?"

"நீ தும்முனாத்தான் சட்டியை எறக்கோணும்னு எனக்குத் தெரியும். எனக்குத் தும்மலே வர்றதில்லையே, என்ன பண்றது?"

அது நிஜந்தான். மிளகாய்க்கு மட்டும் அவள் மூக்கு மரத்துப்போயிருந்தது. மற்றபடி எதுவும் அந்த மூக்கை ஏமாற்ற முடியாது.

வெண்ணந்தூர் பிரிவு ரோட்டில் சாராயக்கடை மறுபடி திறந்த அடுத்த மாதமே, பக்கத்தில் சண்முகவேல் இந்தக் கறிக் கொட்டகையைப் போட்டுவிட்டார். நிலமும் தென்னந்தோப்பும் உள்ள மனிதர். கடையில் உட்கார அவருக்கு நேரமில்லை. சாயங்காலம் புல்லட்டில் வந்து கல்லாவை எடுத்துக்கொண்டு போவார். இரண்டு வருஷமாகக் கறியைச் சுடுவது அருணகிரி. மசாலா பூவாத்தாள். நீளமான தகரத் தொட்டியில் கரி கனன்றுகொண்டிருக்கும். அதன்மேல் பழைய சைக்கிள் ஸ்போக்குகளில் கோத்த கறித் துண்டுகள் வரிசையாக வேகும். தறிக்காரர்கள், லோடு ஏற்றுகிறவர்கள், ஆழ்துளைக் கிணறு போடும் போர் லாரிக்காரர்கள் என்று சாயங்காலம் நாலு மணியிலிருந்தே கூட்டம் கூடிவிடும்.

கறி வந்ததும் பூவாத்தாள் முதலில் செய்கிற காரியம் ஒன்று உண்டு. அன்றைய கறியில் ஒரு சின்னத் துண்டை வெட்டி, உப்பை மட்டும் தடவி, நெருப்பில் வாட்டி வாயில் போட்டுக்கொள்வாள். உப்புத் துண்டு என்று அதற்குப் பேர். அதைத் தின்ற பிறகுதான் அம்மிக்கே போவாள். இளங்குட்டியாக இருந்தால் மிளகாயும் சின்ன வெங்காயமும் போதும். கிடா வாடை அடித்தால் மல்லியும் இஞ்சியும் கூட வேண்டும். ஈரலுக்கு முன்னால் உப்புப் போட்டால் கல்லாகிவிடும் என்பதால், சுட்டு எடுத்த பிறகு மிளகும் உப்பும் தூவ வேண்டும். முற்றின கறி என்றால் பப்பாளிக் காயைத் தோலோடு அரைத்துப் பூசி ஒரு மணி நேரம் ஊறவிட வேண்டும். தொட்டுக்கொள்ளப் புளியும் பூண்டும் சுட்ட மிளகாயும் கரைத்த தண்ணி. இதெல்லாம் யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல. அந்த ஒரு துண்டு சொல்லும், அவள் கேட்பாள்.

"டாக்டரு நாடி புடிச்சுப் பாக்கறாப்பல பாக்கறீங்கக்கா" என்று சுப்பையன் கேலி செய்வான். அவன் விசைத்தறி ஓட்டுகிறவன். பூவாத்தாளின் வீட்டுக்கு அடுத்த வீடு. வேலை விட்டு வந்ததும் தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல் கொட்டகை ஓரத்து பெஞ்சில் வந்து உட்காருவான். சாராயம் கொஞ்சம், கறி நிறைய. அதுதான் அவன் கணக்கு.

கடைசியில் மிஞ்சுகிற நாலு துண்டைப் பூவாத்தாள் தேக்கிலையில் மடித்து வீட்டுக்குக் கொண்டுபோவாள். வீட்டில் சின்னுசாமி கயிற்றுக் கட்டிலில் கிடப்பான். போர் லாரியோடு ஊர் ஊராகத் திரிந்தவன். மூன்று வருஷத்துக்கு முன்னால் இரும்புக் குழாய் ஒன்று நழுவி இடுப்பில் விழுந்ததிலிருந்து அவனுக்கு அந்தக் கட்டில்தான் ஊரும் உலகமும். ராத்திரி அவள் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டால் அவன் முதலில் பார்ப்பது அவள் முகத்தையல்ல, கையிலுள்ள இலையைத்தான். அதில் அவளுக்கு வருத்தம் கிடையாது. நாள் முழுக்கக் கிடக்கிற மனிதனுக்கு எதிர்பார்க்க ஏதாவது ஒன்று வேண்டாமா?

பங்குனியில் ஆட்டுக்கறி விலை ஏறியதும் சண்முகவேல் கோழிக்கு மாறினார். அவர் மச்சானுக்கு நாமக்கல் பக்கம் பெரிய கோழிப்பண்ணை. முட்டை ஓய்ந்த கிழட்டுக் கோழிகளை அங்கிருந்து உயிரோடு கூடையில் அனுப்பினார்கள். கறி நார் நாராக இருந்தாலும் பப்பாளிக் காய்க்கு மசிந்துவிட்டது. பூவாத்தாள் கொஞ்சம் தயிரும் சேர்த்தாள். யாரும் குறை சொல்லவில்லை.

சித்திரை பிறந்து வெயில் மண்டையைப் பிளந்தது. ஒருநாள் கூடைக்குப் பதிலாக இரண்டு சாக்கு வந்து இறங்கின. அருணகிரி சாக்கின் வாயை அவிழ்த்துப் பார்த்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டான். உள்ளே எல்லாம் ஏற்கெனவே கழுத்து தொங்கிக் கிடந்தன. அறுத்த காயம் ஒன்றிலும் இல்லை.

பூவாத்தாள் கத்தியை எடுத்தாள். ஒரு கோழியை உரித்து, தொடையில் ஒரு துண்டை வெட்டி, உப்பைத் தடவி நெருப்பில் காட்டினாள். கொழுப்பு உருகிச் சொட்டியதும் வந்த வாடையில் அருணகிரி மூக்கைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டான். அவள் அதை நாக்கில் வைத்துப் பார்த்தாள். வைத்த வேகத்தில் துப்பிவிட்டு, தண்ணீர் மொண்டு வாயைக் கொப்பளித்தாள்.

அன்றைக்குச் சண்முகவேல் வெயில் தாழ்வதற்கு முன்னாலேயே வந்துவிட்டார்.

"ஏனுங்க, இது செத்த கோழிங்க" என்றாள்.

"உசுரோட இருக்கற கோழியையா சுடுவாங்க?" என்று சிரித்தார் அவர். "வெயிலு தாங்காம உழுந்துச்சு. சீக்கு ஒண்ணுமில்ல. குழியில போட்டு மூடறதுக்குப் பதிலா இங்க வரட்டும்னு மச்சான் அனுப்பிச்சான்."

"உப்புத் துண்டு போட்டுப் பாத்தனுங்க. வாயில வெக்க முடியலீங்க."

"அதைத்தான் நானும் சொல்லோணும்னு இருந்தேன். அந்த உப்புத் துண்டு வேலையெல்லாம் இன்னிமேலு வேண்டாம். உப்போடவா குடுக்கறோம்? மசாலாவோடதான குடுக்கறோம்? உன்ற கை எதுக்கு இருக்குது?" வண்டியில் ஏறிக்கொண்டு, கொஞ்சம் குரலை இறக்கிச் சொன்னார். "உன்னால முடியாதுன்னா சொல்லு பூவாத்தா. ராசிபுரத்துல ஒருத்தி கேட்டுக்கிட்டே இருக்கறா. சின்னுசாமி எப்படி இருக்கறான்? எந்திரிச்சு உக்காரறானா?"

"இல்லீங்க."

"பாவம்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

பூவாத்தாள் அந்த இரண்டு சாக்கையும் அம்மிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். கோபம் வந்தது. அது யார் மேல் என்று யோசிக்கிற அளவுக்குத் தெம்பில்லை. பிறகு உட்கார்ந்து உரிக்கத் தொடங்கினாள். மஞ்சள் போட்டுக் கழுவினால் விஷம் முறிந்துவிடும் என்பதில் அவளுக்கு நம்பிக்கை உண்டு. புண்ணுக்கும் அதைத்தானே பூசுகிறோம்? ஏழு தண்ணி கழுவினாள். கடைசித் தண்ணி தெளிவாக வந்தது. எலுமிச்சம்பழம் பிழிந்து பிசறி வைத்தாள்.

மசாலாவும் மாறியது. வாடையை அடிக்க மல்லியால் முடியவில்லை. பூண்டை இரண்டு பங்காக்கினாள். மிளகு, சோம்பு, பட்டை, கிராம்பு, கொஞ்சம் கல்பாசி. கடலெண்ணெயில் மசாலாவைக் குழைத்து இரண்டு தடவை பூச வேண்டும். முதல் பூச்சு காய்ந்த பிறகு இரண்டாவது. மேல்தோல் கருகுகிற அளவுக்குச் சுடச் சொன்னாள். கருகல் மணம் மற்ற மணத்தை விழுங்கிவிடும். புளித்தண்ணியில் கருப்பட்டி சேர்த்து இறுக்கி, கம்பியை இறக்குகிற சமயத்தில் மேலே தடவ வைத்தாள். இதுவரை அவள் அரைத்ததிலேயே நல்ல மசாலா அதுதான். அந்த நினைப்பே அவளுக்குக் கசந்தது.

முதல் நாளே கூட்டம் இரண்டு மடங்கு. சாராயக்கடைக்குப் போகாதவர்கள்கூடக் கறிக்கு வந்து நின்றார்கள்.

"என்னத்தைக்கா போட்டீங்க? விரலையும் சேத்துத் தின்னுருவேனாட்ட இருக்குது" என்றான் சுப்பையன்.

பூவாத்தாள் குழவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கொஞ்சம் மொளகு சேத்தேன்" என்றாள்.

"எங்கூட்டுக்காரிகிட்டயும் பக்குவத்தைச் சொல்லிக் குடுங்க. சாலம்மா வெக்கற கொழம்பை நாயிகூட மோந்து பாத்துட்டுப் போயிருது."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். சொல்வதென்றால் அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். இருபது நாள் கழித்து, படுத்தால் தூக்கம் வராமல், அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் அவள் திரும்பத் திரும்பப் போவாள்.

அன்று ராத்திரி அவள் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தாள்.

"இலை எங்க புள்ள?" என்றான் சின்னுசாமி.

"எல்லாம் வித்துப்போச்சுங்க."

மறுநாளும் வித்துப்போனது. அதற்கு மறுநாளும். நாலாம் நாள் அவன் கேட்கவில்லை. பருப்புச் சாற்றில் பிசைந்த சோற்றை ஊட்டும்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவளிடம் ஒருநாள்கூடக் கடிந்து பேசாத மனிதன். "பாக்கறவிய எல்லாரும் உன்ற கறியைத்தான் பேசறாங்க. எனக்குன்னா ஒரு துண்டு மிஞ்ச மாட்டேங்குது" என்று மட்டும் சொன்னான். அவள் கிண்ணத்தைக் கழுவும் சாக்கில் வெளியே போய்விட்டாள்.

சொல்லிவிடலாம்தான். சொன்னால், "அதையா நாலு பேத்துக்குக் குடுக்கறே?" என்று அவன் கேட்பான். 

இப்படியே இருபது நாள் ஓடியது. ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மஞ்சள் காப்பாற்றுகிறது என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொள்வதற்கு வசதியாகவும் இருந்தது. கோழி தினமும் சாக்கில்தான் வந்தது. சில சமயம் அது வெயிலில் விழுந்ததா, முந்தின நாளே விழுந்ததா என்று தெரியாது. அவள் உப்புத் துண்டு போட்டுப் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

சனிக்கிழமை தறிக்காரர்களுக்குக் கூலி நாள். அன்றைக்கு வந்த சாக்கை அவிழ்த்தபோதே ஈ மொய்த்தது. இரண்டு மூன்று கோழிகளுக்குத் தோலில் பச்சை பூத்திருந்தது. அவற்றை எடுத்து ஓரமாகப் போட்டாள். வந்து பார்த்த சண்முகவேல் காலால் திரும்பவும் உள்ளே தள்ளினார். "இன்னைக்கு எவ்வளவு இருந்தாலும் பத்தாது" என்றார். அவள் மிளகைக் கூட்டினாள், பூண்டைக் கூட்டினாள். கண்ணில் நீர் வந்தது. மிளகாயால் அவளுக்கு அழுகை வருவதில்லை என்பது அருணகிரிக்குத் தெரியும். அவன் பார்த்தும் பார்க்காதது மாதிரி கரியை விசிறிக்கொண்டிருந்தான்.

வேலை முடிந்து அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது சின்னுசாமி கட்டிலில் ஒருக்களித்துச் சாய்ந்திருந்தான். முகத்தில் அப்படியொரு மலர்ச்சியை அவள் பார்த்து வெகு நாளாகியிருந்தது. பக்கத்தில் தேக்கிலை விரிந்து கிடந்தது. அதில் எலும்பு மட்டும்தான் மிச்சம்.

"நீ கொண்டாராட்டி என்ன? சுப்பையன் வாங்கியாந்து குடுத்தான்" என்றான். "அக்கா ஊருக்கெல்லாம் போட்டுட்டு வெறுங்கையோட வருது, எனக்கே ஒரு மாதிரியா இருக்குதுண்ணான்னு சொல்லி, அவன் வாங்குனதுல ரெண்டு துண்டை எடுத்துக் குடுத்துட்டுப் போனான். மசாலா அருமைடி. கையெல்லாம் மணக்குது பாரு."

அவன் நீட்டிய கையை அவள் பிடித்துக்கொண்டாள். பூண்டும் மிளகும் கிராம்பும் மணந்தன. வேறு எந்த வாடையும் இல்லை. அவ்வளவு நன்றாக அரைத்திருந்தாள்.

"வாந்தி பண்ணுங்க. தொண்டையில விரலை வுடுங்க" என்று உப்புத் தண்ணீரைக் கரைத்து நீட்டினாள்.

"உனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்குது? இத்தனை நாளு கழிச்சுத் தின்னதை எதுக்கு வாந்தி பண்றது?"

அவள் தண்ணீரைக் கீழே வைத்தாள். சொல்லத் தொடங்கியபோது அவன் கண்ணை மூடிக்கொண்டுவிட்டான்.

விடியும்போது இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் வாந்தி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் தறிக்காரர் தெருவிலிருந்து பதினோரு பேரை வேனில் போட்டுச் சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் விரித்துப் படுக்கவைத்துக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். சின்னுசாமி தின்றது கொஞ்சம் என்பதால் தாங்கினான். சுப்பையன் தாங்கவில்லை. சாயங்காலம் அவனைத் துணியால் மூடும்போதும் தலைமுடியில் தறிப் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது.

சாலம்மாள் அழுது ஓய்ந்த பிறகு வராந்தாவின் மறுகோடியிலிருந்து நடந்து வந்து பூவாத்தாளின் முன்னால் நின்றாள்.

"நீ அரைச்ச மசாலாதான அக்கா?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்வதற்காகக் கேட்டாள்.

"ஆமாஞ்சாமி" என்றாள் பூவாத்தாள்.

திங்கட்கிழமை சண்முகவேல் ஆள் அனுப்பினார். சுகாதார இன்ஸ்பெக்டர் வந்திருக்கிறார், உடனே வர வேண்டும். சின்னுசாமியைப் பக்கத்துப் பாயில் இருந்த பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு அவள் பஸ் ஏறினாள். கொட்டகை சுத்தமாகக் கழுவப்பட்டிருந்தது. சாக்குகள் இல்லை. பின்னால் தென்னந்தோப்பில் ஒரு இடத்தில் மண் புதிதாக மேடு தட்டியிருந்தது. அருணகிரி ஞாயிற்றுக்கிழமையே தம்மம்பட்டிப் பக்கம் அத்தை வீட்டுக்குப் போய்விட்டானாம்.

மேசையில் காகிதங்களைப் பரப்பி உட்கார்ந்திருந்தார் இன்ஸ்பெக்டர். "மசாலா அரைக்கிறது நீதானாம்மா?" என்றார்.

"ஆமாங்க."

"என்னென்ன போடுவே?"

அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டே வந்து, கல்பாசி என்ற இடத்தில் நிறுத்தினார். "பாசியா? அதெல்லாம் ஏன் போடறே?"

"அதுல ஒண்ணுமில்லீங்க சார். எல்லாக் கொழம்புக்கும் போடறதுதானுங்க. கோழிதானுங்க சார் செத்த கோழி. அதுல ஒரு துண்டை உப்பை மட்டும் போட்டுச் சுட்டுப் பாருங்க. வேற ஒண்ணும் போடாதீங்க. அதுவே சொல்லிப்போடும்ங்க."

"எந்தக் கோழிம்மா?" என்றார் சண்முகவேல் சாந்தமாக. "கோழியெல்லாம் அன்னிக்கே தீந்துபோச்சே. மிச்சம் இருந்தது நீ அரைச்சு வெச்ச மசாலாதான?"

அம்மிக்குப் பக்கத்தில் ஜாடியில் இரண்டு நாள் பழைய மசாலா மிச்சமிருந்தது. இன்ஸ்பெக்டர் அதைக் கரண்டியால் எடுத்து ஒரு பாட்டிலில் போட்டு, மூடியைச் சுற்றி நூல் கட்டி, அரக்கை உருக்கி முத்திரை வைத்தார். எழுதியதை வாசித்துக் காட்டினார். கெட்டுப்போன மசாலாவைக் கவனக்குறைவாகப் பயன்படுத்தியதால் என்று ஒரு வரி வந்தது. பூவாத்தாள் சண்முகவேலைப் பார்த்தாள்.

"ரேகையை வெச்சிரு" என்றார் அவர். அவளைக் கொஞ்சம் ஓரமாகக் கூட்டிப்போய், "ஆஸ்பத்திரிச் செலவை நான் பாத்துக்கறேன். கேசு கோர்ட்டுன்னு போகாமயும் பாத்துக்கறேன். நீ உள்ள போயிட்டா சின்னுசாமிக்கு ஆரு சோறு ஊட்டுவா?" என்றார்.

அவள் இடது கட்டைவிரலை நீட்டினாள். இன்ஸ்பெக்டர் அதில் மையைத் தடவி அழுத்தினார்.

வேலை முடிந்ததும் எல்லாருக்கும் கொஞ்சம் நிம்மதி வந்த மாதிரி இருந்தது. மணி இரண்டு தாண்டிவிட்டது, சார் சாப்பிடாமல் போகக் கூடாது என்றார் சண்முகவேல். வீட்டிலிருந்து ஆள் ஒரு நாட்டுக்கோழியைக் கால் கட்டிக் கொண்டுவந்தான். சிவப்புக் கொண்டையோடு கொக்கரித்துக்கொண்டு, கண்ணை உருட்டி உருட்டிப் பார்த்தது.

"மசாலா கிசாலாவெல்லாம் வேண்டாம்ப்பா" என்று கையை ஆட்டிச் சிரித்தார் இன்ஸ்பெக்டர். "வெறும் உப்பைத் தடவிச் சுடச் சொல்லுங்க. நல்ல கோழிக்கு அது போதும்."

"அருணகிரி இல்லீங்க" என்று இழுத்த சண்முகவேல், அவளைப் பார்த்து, "பூவாத்தா, போறதுக்கு முன்னால இதை மட்டும் சுட்டுக் குடுத்துட்டுப் போயிரு" என்றார்.

அவள் கரியை மூட்டினாள். கோழியை அறுத்து, இறகு பிடுங்கி, வாட்டி, கழுவினாள். ஒரு தண்ணியே போதுமாக இருந்தது. உப்பைத் தடவிக் கம்பியில் கோத்தாள். பழக்க தோஷத்தில் ஒரு சின்னத் துண்டை முதலில் நெருப்பில் வாட்டி, வாயருகே கொண்டுபோனாள். கொழுப்பு உருகும் மணம் வந்தது. அந்தத் துண்டு எந்த மசாலாவையும் கேட்கவில்லை. அவளால் அதைத் தின்ன முடியவில்லை; இலையிலேயே வைத்துவிட்டாள்.

இன்ஸ்பெக்டர் முழுக்கோழியையும் நிதானமாகத் தின்றார். தட்டுக்குப் பக்கத்தில் அரக்கு முத்திரை வைத்த பாட்டில் நின்றது. எண்ணெய் மேலே மிதந்து, மசாலா செக்கச்செவேல் என்று அடியில் இறங்கியிருந்தது. அவர் கையைக் காகிதத்தில் துடைத்துவிட்டு விரல்களை விரித்துப் பார்த்தார்.

"மசாலா இல்லேன்னா இது ஒரு சௌகரியம். கையில கறையே ஒட்டறதில்லை பாருங்க" என்றார்.

பூவாத்தாள் தொட்டியருகே நின்றபடியே தட்டை எடுக்கக் கையை நீட்டினாள். இரண்டு வருஷத்து மஞ்சளும் மிளகாயும் ஏறிய விரல்கள். கட்டைவிரலில் மட்டும் நீல மை இன்னும் போகாமல் இருந்தது. தட்டின் ஓரத்தில் அது படாமல் பார்த்து எடுத்துக்கொண்டுபோய்க் கழுவி வைத்தாள்.